கட்டணம் ஒரு பங்கு, சோறும் கூரையும் இரண்டு பங்கு

திருகோணமலையில் ஏ.எல் வகுப்புகளுக்குக் கணக்கீடும் வணிகக் கல்வியும் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் தங்கச்சி புளோரிடாவில், ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிப் பேச்சில் பாதி, பிள்ளையின் படிப்புக்கு இப்போதே காசு சேர்ப்பது பற்றித்தான். அங்கே இதற்கென்று 529 திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அக்கா, நீங்கள் கணக்குப் படிப்பித்தவர், வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். உவர்மலை வீட்டில் இருந்து நிறைய வாசித்தேன். இங்கே பல வீடுகளில் அமெரிக்காவில் ஒரு பிள்ளை, மருமகன், பேரன் என்று இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

529 என்பது அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் ஒரு பிரிவு இலக்கம். கதை மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. 1986 இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பெற்றோர் இன்றைய விலையில் பணம் கட்டினால், பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போகும்போது கட்டணத்தை மாநில அறக்கட்டளை செலுத்தும். அந்தப் பணம் வளர்வதற்கு வரி உண்டா இல்லையா என்று மத்திய வரித் திணைக்களத்துக்கும் மிச்சிகனுக்கும் வழக்கு நடந்து, 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1996 இல் காங்கிரஸ் 529 ஆம் பிரிவை இயற்றி எல்லா மாநிலங்களுக்கும் வழி திறந்தது. படிப்புச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு மத்திய வரியே இல்லை என்ற இன்றைய நிலை 2002 இல் வந்தது. 2006 இல் அதை நிரந்தரமாக்கினார்கள்.

இதில் இரண்டு வகை. ஒன்று முன்கட்டணத் திட்டம், மிச்சிகன் செய்ததுபோல. மற்றது சேமிப்புத் திட்டம்: ஒரு கணக்குத் திறந்து பணம் போடுகிறோம், அது பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலிடப்படுகிறது, கூடினாலும் குறைந்தாலும் நம்முடையது. பிள்ளை சிறிதாக இருக்கும்போது பங்குகள் கூடுதலாக வைத்து, வயது ஏற ஏறத் தானாகவே பாதுகாப்பான பத்திரங்களுக்கு மாற்றும் தெரிவைத்தான் பலரும் எடுக்கிறார்கள். முதலீட்டு முறையை நாமாக மாற்ற வேண்டுமென்றால் வருடத்தில் இரண்டு தடவைதான் முடியும்.

தங்கச்சியின் கணவருக்கு முன்கட்டணத் திட்டம்தான் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அவருடைய அப்பா மூதூரில் கடை வைத்திருந்தவர். வாழ்நாள் சேமிப்பை நிலையான வைப்பில் வைத்திருந்தார். 2022 இல் என்ன நடந்தது என்று இந்த நாட்டில் இருந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். வங்கிப் புத்தகத்தில் எண் ஒன்றும் குறையவில்லை, ஆனால் மகனின் வெளிநாட்டுப் படிப்புக்கென்று வைத்த காசு பாதிப் படிப்புக்கும் காணாமல் போனது. அதைப் பார்த்தவர், விலையை இன்றைக்கே கட்டிவிடலாம், பிறகு உயர்ந்தால் அது அரசாங்கத்தின் பாடு என்று சொல்லும் திட்டத்தை விரும்பாமல் எப்படி இருப்பார்?

புளோரிடாவின் முன்கட்டணத் திட்டம் நல்ல திட்டம்தான். பிள்ளையோ பெற்றோரோ அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். ஒரே தொகையாகவும் கட்டலாம், மாதாமாதமும் கட்டலாம். நான்கு வருடப் பல்கலைக்கழகம், இரண்டு வருடக் கல்லூரி, இரண்டும் கலந்தது என்று தெரிவுகள் உண்டு. பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போனால், புளோரிடாவில் படித்திருந்தால் செலுத்தியிருக்கும் அளவுத் தொகையை அங்கே அனுப்புவார்கள். வேண்டாம் என்றால் கட்டிய பணம் திரும்பும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு மாநில அரசின் சட்டபூர்வமான உத்தரவாதம் இருக்கிறது. 2020 இல், கல்விக் கட்டணம் எதிர்பார்த்த அளவு உயரவில்லை என்று பழைய ஒப்பந்தங்களின் விலையையே குறைத்துப் பல குடும்பங்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் எல்லா மாநிலமும் புளோரிடா அல்ல. அலபாமாவில் நடந்ததை முன்கட்டணம் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். அந்த மாநிலத் திட்டத்தில் சேர்ந்த பெற்றோர், கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் நம்பியிருந்தார்கள். நிதியின் பெரும்பகுதி பங்குச் சந்தையில் இருந்தது. 2008 இல் சந்தை விழுந்தபோது நிதி பாதியாகக் கரைந்தது. கட்டணமோ ஏறிக்கொண்டே போனது. ஒப்பந்தத்தில் அரசின் முழு உத்தரவாதம் இல்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு, 2010 ஆம் ஆண்டுக் கட்டண அளவு வரைதான் திட்டம் செலுத்தும், மிச்சத்தைக் குடும்பமே கட்ட வேண்டும் என்று முடிந்தது. டெக்சாஸில் வேறு விதம். அங்கே பழைய திட்டத்துக்கு மாநில அரசியலமைப்பிலேயே உத்தரவாதம் இருந்தது, கட்டியவர்கள் தப்பினார்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் கட்டணத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று 2003 இல் சட்டம் மாறியதும் புதியவர்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள்.

அதனால் தங்கச்சியிடம் முதலில் சொன்னது, விளம்பரத் தாளை வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும் பந்தியை வாசி என்பதுதான். மாநிலத்தின் பெயரில் திட்டம் இருப்பது ஒன்று. பணம் போதாமல் போனால் மாநிலம் தன் வருமானத்திலிருந்து கொடுக்கும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது வேறொன்று. 2022 ஏப்ரலில் எங்கள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியதைப் பார்த்த எங்களுக்கு இந்த வேறுபாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, புளோரிடாவின் உத்தரவாதம் உறுதியானது. அப்படியென்றால் முழுக்க அதிலேயே கட்டிவிடலாமா? இங்கேதான் நான் மச்சானோடு உடன்படவில்லை.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலப் பிள்ளைக்கு ஒரு வருடக் கல்விக் கட்டணம் சுமார் 6,380 டொலர். அமெரிக்காவில் இது மிகக் குறைந்த கட்டணங்களில் ஒன்று. அதே பல்கலைக்கழகம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று மதிப்பிடும் தொகை வருடத்துக்கு 11,000 டொலருக்கு மேல். முன்கட்டணத் திட்டம் கட்டணத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். விடுதிக்குத் தனியாக வாங்க வேண்டும், சாப்பாட்டுக்கு அதுவும் இல்லை. அதாவது நூறு வீத உத்தரவாதத்தோடு நாம் கட்டி முடிப்பது செலவில் மூன்றில் ஒரு பங்கு.

திருகோணமலைக்காரருக்கு இது புதிதல்ல. 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா செய்த அந்த வேலைக்கு என் தலைமுறை முழுவதும் கடன்பட்டிருக்கிறது, நான் படித்ததே அதனால்தான். ஆனால் என் வகுப்பில் படித்து ருகுணைக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தெரிவான பிள்ளைகளின் வீடுகளில் யாரும் கட்டணத்துக்காகக் கவலைப்பட்டதில்லை. போர்டிங் காசு, மூன்று வேளைச் சாப்பாடு, வந்துபோகும் பஸ் காசு, ஒரு மடிக்கணினி, இவற்றுக்காகத்தான் தாலிக்கொடி அடகுக்குப் போனது. மகாபொலப் புலமைப்பரிசில் 1981 இலிருந்து கொடுக்கப்படுகிறது. பல வருடமாக அது மாதம் 5,000 ரூபாவில் நின்றது. மாத்தறையில் ஒரு அறையின் வாடகைக்கே அது போதாது. நிலாவெளியில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்த உள்ளூர்ப் பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதற்காக மகிழ்ந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் எதைக் கணக்குப் பார்த்தார்கள் என்பது இப்போது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

சேமிப்பு வகை 529 கணக்கு இந்த மூன்றில் இரண்டு பங்குக்கும் உதவும். கட்டணம், புத்தகம், கணினி, இணையம், எல்லாம் தகுதியான செலவு. பிள்ளை அரைநேரமாவது பதிவு செய்து படித்தால் விடுதியும் சாப்பாடும் சேரும். வீட்டுக்கு வெளியே அறை எடுத்தாலும், பல்கலைக்கழகம் மதிப்பிட்டிருக்கும் தொகை வரை எடுக்கலாம். போக்குவரத்துச் செலவு சேராது. பிள்ளை லீவுக்கு விமானம் ஏறி அம்மம்மாவைப் பார்க்க வருவதை இந்தக் கணக்கு தாங்காது என்று அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம், புளோரிடாவில் 'பிரைட் ஃபியூச்சர்ஸ்' என்று ஒரு புலமைப்பரிசில் உண்டு. நல்ல பெறுபேறு எடுத்தால் அரச பல்கலைக்கழகக் கட்டணத்தின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ மாநிலமே செலுத்தும். பெறாமகள் அதை எடுத்தால் முன்கட்டணத் திட்டத்துக்கு வேலை குறைந்துவிடும். பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, வீணாகாது. ஆனால் சேமிப்புக் கணக்கில் இருந்தால் அந்தப் பணம் நேரே விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும்.

வருமான வரியில் கல்விக்கென்று கிடைக்கும் ஒரு கழிவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வருமானத்துக்குள் இருக்கும் குடும்பம், வருடத்தில் 4,000 டொலர் வரையான கட்டணத்தையும் புத்தகச் செலவையும் காட்டி 2,500 டொலர் வரை வரியில் குறைத்துக்கொள்ளலாம், நான்கு வருடங்களுக்கு. ஆனால் 529 இலிருந்து வரியில்லாமல் எடுத்துக் கட்டிய அதே செலவைத் திரும்ப இங்கே காட்ட முடியாது. 6,380 டொலர் கட்டணம் உள்ள இடத்தில், அதில் 4,000 டொலரைக் கைக்காசாகக் கட்டுவதுதான் லாபம். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டி முடித்தவருக்கு இந்த வாய்ப்புச் சுருங்கிவிடும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். பிறந்த மாதத்திலிருந்து மாதம் 100 டொலர், 18 வருடம், வருட வளர்ச்சி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது எடுகோள்தான், சந்தை எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. போடுவது 21,600 டொலர். கடைசியில் இருப்பது ஏறக்குறைய 38,700. அந்த 17,100 டொலர் லாபத்துக்கு, படிப்புச் செலவுக்கு எடுத்தால், வரி இல்லை. அதே 100 டொலரைப் பிள்ளைக்கு எட்டு வயதாகும்போது தொடங்கினால் 12,000 போட்டு 16,400 அளவில் கிடைக்கும். கூட்டு வட்டியைக் கரும்பலகையில் எத்தனையோ வருடம் போட்டிருக்கிறேன். என் சொந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு என்று போட்டபோதுதான் அந்த முதல் எட்டு வருடங்களின் பெறுமதி என் நெஞ்சில் பட்டது.

படிக்காவிட்டால்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வேறு தேவைக்கு எடுத்தால் லாபப் பங்குக்கு மட்டும் வருமான வரியும் அதன் மேல் 10 சதவீதமும் கட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கிலிருந்து 10,000 டொலர் எடுத்தால் அதில் லாபம் சுமார் 4,420. மேலதிக வரி 442 டொலர். நாம் போட்ட முதலுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. புலமைப்பரிசில் கிடைத்ததால் மிஞ்சினால், அந்தத் தொகை அளவுக்கு எடுக்கும்போது இந்த 10 சதவீதமும் இல்லை. கணக்கை இன்னொரு பிள்ளையின் பேருக்கு, ஒன்றுவிட்ட சகோதரருக்குக்கூட, மாற்றலாம். 2024 முதல் இன்னொரு வழியும் வந்தது: 15 வருடம் பழைய கணக்கிலிருந்து வாழ்நாளில் 35,000 டொலர் வரை, வருட வரம்புக்குள், அந்தப் பிள்ளையின் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றலாம்.

ஒன்றுவிட்ட சகோதரர் என்றதும் என் மகன் நிமிர்ந்து பார்த்தான். அவன் ஏ.எல் எழுதப் போகிறவன். இல்லை, அது நடக்காது. பயனாளிக்கு அமெரிக்க சமூகப் பாதுகாப்பு இலக்கமோ வரி இலக்கமோ இருக்க வேண்டும். படிக்கும் நிறுவனமும் அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களுக்குத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியிலும் அப்படிப்பட்ட சில பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் இங்கே இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சித்தி அந்தக் கணக்கைத் திறந்து வைக்க முடியாது.

கனடாவில் இருக்கும் உறவினர் இதைத் தங்கள் நாட்டுக் கல்விச் சேமிப்புத் திட்டமான ஆர்.இ.எஸ்.பி போல என்று நினைக்கிறார்கள். அங்கே வருடம் 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு 20 சதவீதம், அதாவது 500 டொலர், மேலே போடும். மொத்தம் 7,200 வரை. அமெரிக்க மத்திய அரசு அப்படி ஒரு சதமும் 529 கணக்கில் போடுவதில்லை. போடும் பணத்துக்கு மத்திய வரிச்சலுகையும் கிடையாது. பல மாநிலங்கள் தங்கள் மாநில வரியில் கழிவு கொடுக்கின்றன. நியூயோர்க்கில் தம்பதிக்கு வருடம் 10,000 டொலர் வரை. புளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் கழிவுக்கும் இடமில்லை. அதில் ஒரு நன்மை: சேமிப்புத் திட்டத்துக்கு எந்த மாநிலத்துடையதையும் தேடி எடுக்கலாம், எங்கே செலவு குறைவோ அங்கே. முகவர் மூலம் விற்கும் திட்டங்களில் போடும் பணத்தின் ஒரு பகுதியைத் தரகாக எடுப்பார்கள். தங்கச்சிக்கு அப்படி ஒருவர், நம்மவர்தான், படிவத்தோடு வீட்டுக்கே வந்திருந்தார். நேரடியாகத் திறக்கும் கணக்குகளில் அந்தத் தரகு இல்லை. 18 வருடத்துக்கு அந்த வித்தியாசம் சிறியதல்ல.

அம்மாவின் கவலை வேறு. முப்பத்தொன்றுக்குப் பேத்திக்குக் காப்புப் போட முடியவில்லை. அவர்கள் லீவுக்கு வந்தபோது அந்தப் பணத்தைத் தங்கச்சியின் கையில் கொடுத்து, பிள்ளையின் கணக்கில் போடச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "பேத்தியின்ர பேரில போட்ட காசைத் தாய் தகப்பன் எடுக்கலாமோ?"

எடுக்கலாம். இங்கே வங்கியில் பிள்ளைக்குத் திறக்கும் சேமிப்பு, 18 வயதில் பிள்ளையின் கைக்கு வரும். 529 கணக்கு அப்படியல்ல. திறந்தவரே உரிமையாளர், பிள்ளை பயனாளி மட்டும். பயனாளியை மாற்றவும், பணத்தை எடுக்கவும் உரிமையாளருக்கு முடியும். பதினெட்டு வயதுப் பிள்ளை தவறான வழியில் செலவழிப்பாளோ என்று பயப்படுகிறவருக்கு இது நல்லது. குடும்பம் பிரிந்தாலோ உரிமையாளர் இறந்தாலோ சிக்கல். பல்கலைக்கழக நிதியுதவி கணிக்கும்போதும் இது பெற்றோரின் சொத்தாகத்தான் பார்க்கப்படும், அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் கணக்கில் எடுப்பார்கள். பிள்ளையின் சொந்தச் சொத்து என்றால் 20 சதவீதம்.

அம்மா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தங்கச்சி எடுக்க மாட்டாள் என்று சொன்னார். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் அன்று இரவே தங்கச்சியை அழைத்து, உரிமையாளர் இல்லாமல் போனால் அடுத்தவர் யார் என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இருக்கும், அதைக் காலியாக விடாதே என்று சொன்னேன்.

அவர்கள் எடுத்த முடிவு: மாநில உத்தரவாதம் உள்ள முன்கட்டணத் திட்டத்தில் இரண்டு வருடக் கல்லூரிக்கு மட்டும் கட்டுவது, மச்சானின் மன நிம்மதிக்கு. மிச்சம் எல்லாம் நேரடியாகத் திறந்த சேமிப்புக் கணக்குக்கு, மாதாமாதம் சம்பளத்திலிருந்து. நான் கேட்டிருந்தால் முன்கட்டணத்தை இன்னும் குறைத்திருப்பேன். அது அவர்கள் பிள்ளை, அவர்கள் தீர்மானம். அடுத்த உரிமையாளராக மச்சானின் பெயரைப் போட்டு, படிவத்தின் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.